போய்வர எட்டு

வண்டிகள் போய்விட்டன, தூசி மட்டும் இன்னும் போகவில்லை. தார்ச்சாலையின் இரண்டு ஓரத்திலிருந்தும் கிளம்பிய செம்மண் தலை உயரத்துக்கு நின்றுகொண்டிருக்கிறது. வாயை மூடிக்கொண்டாலும் பல்லில் நறநறக்கிறது. மைக்செட் வேனின் பின்படியில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த நேரம் எனக்குப் பழகியதுதான், மாடுகள் கண்ணுக்கு மறைந்த பிறகு திரும்பி வருகிறவரைக்கும் ஒன்றும் செய்வதற்கில்லாத வெறும் நேரம். என் மகன் பூமிநாதன் புறப்படும்போது என்னைப் பார்க்க மாட்டான். நானும் கையசைக்க மாட்டேன். பார்த்துக்கொள்ளாமல் இருப்பதற்காகவே இரண்டு பேரும் ஒவ்வொரு பந்தயத்துக்கும் வருகிறோமோ என்று தோன்றும். அரிசி மில்காரருடைய மாடுகள், ஒன்று வெள்ளை, ஒன்று மயிலை, பூமிதான் சாரதி. வேன் மேலே கட்டிய குழாய் காலையிலிருந்து ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது, பெரிய மாடு, போய்வர எட்டு மைல், பெரிய மாடு, போய்வர எட்டு மைல். நாலு மைல் ஓடி, ஆவாரங்காட்டு விலக்கில் நிற்கிற ஆளிடம் கொடியை வாங்கிக்கொண்டு, அதே சாலையில் நாலு மைல் திரும்பி வரவேண்டும். எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராவது கேட்டால் மூன்று ரீல் என்பேன். டூரிங் டாக்கீசில் புரொஜக்டர் ஓட்டியே வயதானவனுக்கு நேரம் அப்படித்தான் இருக்கிறது, ஆயிரம் அடி பிலிம் ஓடித் தீர்கிற நேரம் ஒரு ரீல். கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் இருக்கிறது, ஆனாலும் ஊரில் எனக்கு இன்னமும் ஆப்பரேட்டர் என்றுதான் பெயர். முதல் ரீல் ஓடத் தொடங்கியிருக்கிறது. எழுத்துப் போடுகிற நேரம். ஆட்கள் இன்னும் இடம் தேடி உட்கார்ந்துகொண்டிருப்பார்கள், படம் யாருடைய மனதிலும் ஏறியிருக்காது.

வேனுக்கு அந்தப் பக்கம் வேப்ப மர நிழலில் போலீஸ் ஏட்டு போனில் பேசுவது கேட்கிறது. "நாலு கிலோமீட்டர் கல்லுலதானே மறிச்சிருக்கீங்க? ஆமா. அதுக்கு அங்கிட்டு வேணாம். மாடெல்லாம் அதுக்குள்ளயே திரும்பிரும். டிப்பர்காரன் எவனாச்சும் கத்துனா, கொஞ்சம் பொறுடான்னு சொல்லு." அவர் அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார், சிரிக்கிறார், டீ வரவில்லை என்கிறார். எனக்கு அந்த நாலு மட்டும் காதுக்குள் நிற்கிறது. பிலிம் ஒட்டுப்போட்ட இடத்தில் சிக்கிக்கொண்டால் திரையில் ஒரே முகம் துடித்துக்கொண்டு நிற்குமே, அப்படி. நாலு. நாலு சரிதானே. மைக்கில் சொல்வதும் நாலு, ஏட்டு சொல்வதும் நாலு. சரியாக இருக்கிற இந்த நாலில் எங்கே தப்பு என்று விரலை மடக்கிக் கணக்குப் போடுகிறேன். நாலு மைல் என்றால் ஆறரைக் கிலோமீட்டர். மறித்தது நாலில். மீதி இருக்கிற சாலை? எழுந்து போகிறேன்.

"ஏட்டையா, கொடி நாலு மைல்ல இருக்கு."

"அதான் நாலுல மறிச்சாச்சே பெரியவரே."

"நீங்க மறிச்சது கிலோமீட்டர்."

"ஆமா. வேற எதுல மறிப்பாங்க?"

அவர் முகத்தில் ஒன்றும் இல்லை, வெயில் மட்டும் இருக்கிறது. நான் திரும்பி விழாக் கமிட்டிச் செயலாளர் தெய்வராயனைக் கூப்பிடுகிறேன். அவன் தோளில் புதுத்துண்டு, கையில் சர்பத் டம்ளர். "தெய்வராயா, ஸ்டேசன்ல என்ன சொன்ன?" "என்ன மாமா சொன்னேன், போய்வர எட்டுன்னு சொன்னேன்." "எட்டு என்னன்னு சொன்ன?" "எட்டுன்னா எட்டு. மாட்டு வண்டிப் பந்தயம் என்னைக்கு மாமா கிலோமீட்டர்ல ஓடுச்சு? பச்சப் பிள்ளைக்குத் தெரியும்." ஏட்டு இடையில் வருகிறார். "யோவ், பச்சப் பிள்ளைக்குத் தெரியும், எனக்குத் தெரியணுமா? ரோட்டுல நட்டிருக்கிற கல்லப் பாத்தாச்சும் சொல்ல வேணாமா? மைலுங்கறத நான் சர்வீசுக்கு வந்த நாள்லேருந்து பாத்ததில்ல." "நீங்க பாக்கலேன்னா மாடு பாத்திருக்குல்ல?" "மாடு வந்து பெர்மிசன் வாங்குச்சா?" சுற்றி நின்ற யாரோ சிரித்துவிட்டார்கள். இரண்டு பேர் சொல்வதும் நியாயம், அதுதான் என்னைப் பிசைகிறது. யாராவது ஒருத்தன் பொய் சொல்லியிருந்தால், குடித்திருந்தால், அவனைப் பிடித்து ஆட்டலாம். போன வருஷம் வரைக்கும் பந்தயம் ஊருக்குள் போகிற கிளைச் சாலையில் நடந்தது, மறிக்க ஒன்றும் இருந்ததில்லை, ஆடும் சைக்கிளும்தான். இந்த வருஷம் தண்ணீர்க் குழாய் பதிக்க அதைத் தோண்டிப் போட்டதால் பெரிய சாலைக்கு வந்தோம். எட்டு என்று ஒருவன் சொன்னான், எட்டு என்று ஒருவர் கேட்டுக்கொண்டார், இரண்டு பேரும் தலையாட்டியிருப்பார்கள், டீ குடித்திருப்பார்கள்.

ஏட்டு போனை எடுத்தார். இப்போது குரல் மாறிவிட்டது. "மாடு வந்துச்சா? … தாண்டிருச்சா? எத்தன? … எல்லாமேவா? நீ என்னய்யா செஞ்ச?" எதிர்முனையில் இருப்பவர் கத்துவது எனக்கே கேட்கிறது, நிக்கவே இல்ல சார், நாலுகால் பாய்ச்சல்ல வருது, தடுப்பத் தள்ளி வழிவிடாம என்ன செய்ய, எங்கதான் சார் அது திரும்பும்? எதிரில் வந்து நின்ற லாரிகள் இடது பக்கம் வரிசையாக நிற்பதால் வண்டிகள் இடுக்கில் நுழைந்து போய்விட்டனவாம். போய்விட்டன. ஒரு கணம் மூச்சு வந்தது. அப்புறம், எங்கே போய்விட்டன என்று நினைத்ததும் அது நின்றது. தெய்வராயன் கொடிக்காரனுக்கு அடித்துப் பார்க்கிறான், எடுக்கவில்லை. அங்கே கொட்டுச் சத்தம் இருக்கும், இடுப்பில் சொருகிய போன் யாருக்குக் கேட்கும். இரண்டு பேரை மோட்டார் சைக்கிளில் விரட்டினார்கள். அதன் புகையும் தூசியோடு சேர்ந்து நிற்கிறது. ஏட்டு எதிர்முனைக்கு மறுபடி சொல்கிறார், ஒருத்தன் அங்கயே நில்லு, ஒருத்தன் முன்னாடி ஓடு, வர்றவன எல்லாம் நிப்பாட்டு. ஓடு என்கிறார். ஒன்றரை மைலை ஒரு மனிதன் பூட்சுக் காலோடு ஓடி எப்போது முடிக்கப் போகிறான். "பெரியவரே, உக்காருங்க. ஒண்ணும் ஆகாது" என்றார். உட்கார்ந்தேன்.

அந்த ஒன்றரை மைல். போலீசின் கணக்கில் அது பந்தயத்துக்கு வெளியே இருக்கிறது, எங்கள் கணக்கில் உள்ளே இருக்கிறது. ஒரு கணக்கில் இருக்கிற இடம் இன்னொரு கணக்கில் இல்லாமல் போகுமா? போயிருக்கிறது. அதற்குள்தான் இப்போது என் மகன் இருக்கிறான். கண்ணை மூடினால் அந்தச் சாலை வருகிறது, கல்லுடைக்கிற கிரஷருக்குப் பிரிகிற பாதை, கருவேல மரங்கள், ஒரு வளைவு, வளைவுக்கு இந்தப் பக்கம் ஒரு கல். அந்தச் சாலையில் பழைய மைல் கல்லைப் பிடுங்கிவிட்டுப் புதிய கல் நட்டபோது நான் அரைக்கால் டவுசர் போட்டிருந்தேன். மதுரை இருபத்தேழு என்று இருந்தது நாற்பத்து மூன்று என்று ஆகிவிட்டது. எங்கள் அப்பா சாயங்காலம் கல்லைப் பார்த்துவிட்டு வந்து, மதுரை தூரமாயிருச்சுடா என்றார், வேடிக்கைக்குச் சொன்னாரா என்று இன்று வரை தெரியாது, ஏனென்றால் அதன் பிறகு அவர் மதுரைக்குப் போகவே இல்லை. எனக்கு அந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. கொட்டகையில் படம் தொடங்கும் முன்னால் சென்சார் சர்டிபிகேட் ஓடும், அதில் படத்தின் நீளம் மீட்டரில் போட்டிருக்கும், ரீல் டப்பாவில் அடிக்கணக்கில் எழுதியிருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். இங்கிலீஷ் எழுத்தும் அதில்தான் கற்றேன். எந்த அளவில் சொன்னாலும் படம் அதே நேரம்தான் ஓடும், கடைசியில் சாகிறவன் சாவான், இது ஒன்று அதில் நிச்சயமாகத் தெரிந்தது. எதற்கு இப்போது சாகிறவனைப் பற்றி. எச்சிலைத் துப்பினேன், சிவப்பாக இருக்கிறது, மண்.

"என்ன ஆப்பரேட்டரு, ஒம் மகன் இன்னிக்கும் ரெண்டாவதுதானா?" மாட்டுத் தரகு வெள்ளைக்கண்ணு. அவனுக்கு ஒன்றும் தெரியாது, வேனைச் சுற்றி நிற்கிற நாலைந்து பேரைத் தவிர இங்கே யாருக்கும் தெரியாது. சாலை நெடுகக் கூட்டம் குடையும் துண்டுமாக நிற்கிறது. "மில்லுக்காரரு அந்த மயிலைக்கு முட்டையும் பேரீச்சம்பழமும் வாங்கிப் போட்டே மில்ல வித்துருவாரு போல" என்கிறான். பக்கத்தில் இருந்தவன், "மாட்டுக்குப் போடுறத பூமிக்குப் போட்டாலும் ஒடம்பு ஏறும், பயலப் பாரு, சாட்டைக் கம்பு மாதிரி" என்கிறான். "அஞ்சே முக்கால் அடி இருக்கான்டா." "அடி இருக்கு, எடை எங்க?" சிரிக்கிறார்கள். நானும் சிரித்ததாக நினைக்கிறேன், உதடு காய்ந்து பல்லில் ஒட்டிக்கொண்டது. பூமி பிறந்தபோது ஆஸ்பத்திரியில் ஆயா வெளியே வந்து ஆறு பவுண்டு என்றாள், அட்டையில் கிலோவில் எழுதியிருந்தது. பஞ்சவர்ணம், என் மனைவி, அந்த அட்டையைக் காட்டி, ரெண்டே முக்காலா, என்னங்க இது, ரெண்டு படி அரிசி கூட இல்ல போல இருக்கே என்று அழுதாள். ஆறு என்று ஆயா சொன்னது அவளுக்குப் போதவில்லை. அதற்கப்புறம் அவனைத் தூக்கும்போதெல்லாம் கையில் எடைபார்ப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது, இடுப்பிலிருந்து இறக்கி, மறுபடி தூக்கி.

அவளுக்கு அளவு என்பது கைக்குள் இருக்க வேண்டும். பூ முழம், எண்ணெய் ஆழாக்கு. வயிற்றில் கட்டி வந்து, பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் நாலு சென்டிமீட்டர் என்றபோது அவள் பயப்படவே இல்லை. சென்டி என்பது சின்னது என்று மட்டும் தெரியும், தையல் டேப்பின் மறுபக்கத்தில் எறும்பு வரிசை மாதிரி இருக்கிற கோடுகள். அன்றைக்குத் திரும்பி வரும் பேருந்தில் நன்றாகத் தூங்கினாள், என் தோளில் வாய் திறந்து. அடுத்த முறை போனபோது அவளே கேட்டாள், எனக்குத் தெரியற மாதிரி சொல்லுங்க டாக்டர் என்று. அந்த டாக்டர்ப் பிள்ளையும் நல்ல பிள்ளைதான், கொஞ்சம் யோசித்து, ஒரு எலுமிச்சம்பழம் அளவும்மா என்றது. அன்றிலிருந்து அவள் தூங்கவில்லை. சந்தையில் எலுமிச்சைக் கூடையைக் கண்டால் அந்தப் பக்கமே போகமாட்டாள். கண்ணுக்குத் தெரியாத அளவில் சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் தூங்கியிருப்பாளே என்று எனக்கு டாக்டர் மேல் கோபம் வந்தது, அவள் மேலும் வந்தது, கேட்டாளே என்று. கடைசியில் மருந்துக்காக அவளை எடைபோட்டார்கள். முப்பத்தொன்று என்றார்கள். எனக்கு அது ஒன்றும் செய்யவில்லை, எண் அவ்வளவுதான். கட்டிலுக்கு மாற்ற நான் அவளைத் தூக்கியபோதுதான் கைக்குத் தெரிந்தது, ரீல்கள் அடுக்கிய தகரப் பெட்டி ஒன்று, பேருந்தின் கூரைக்கு ஒரே மூச்சில் ஏற்றி அனுப்புவேனே, அது. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். இறக்குங்க என்றாள். நான் இறக்கவில்லை போலிருக்கிறது, நர்ஸ் வந்து வாங்கிக்கொண்டாள்.

இரண்டாவது ரீல் முடிந்திருக்குமா? தெரியவில்லை, முதல் தடவையாக நேரம் பிடிபடவில்லை. கொடி வாங்கியிருப்பான். வாங்கித் திரும்பியிருந்தால் அந்த ஒன்றரை மைலை இன்னொரு முறை கடக்க வேண்டும். போகும்போது தப்பித்தால் போதாது, இதில் வரவும் வேண்டும், போய்வர. பூமி பள்ளிக்கூடத்தில் ஓடினான். ஆயிரத்தைந்நூறு மீட்டர், மாவட்டம் வரைக்கும் போனான், அங்கே கையில் கடிகாரம் வைத்திருந்தவர் ஏதோ ஒரு புள்ளிக்கு அப்புறம் வருகிற எண்ணைக் காட்டி, பத்தாது தம்பி என்றார். பிறகு ஒரு நாள் மில்காரர் கொட்டிலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவனை நான் சத்தம் போட்டபோது சொன்னான், "அங்க மீட்டர்ல ஓடுனேன், புள்ளி வச்சுக் கழிச்சு விட்டாங்கப்பா. இங்க மைல்ல ஓடுது, மொதல்ல வந்தா மொதல்ல வந்ததுதான்." நான் வீட்டுக்குத் திரும்பி நடந்தேன். பஞ்சவர்ணம் இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாள். அவள் போய்விட்டதால்தான் அவன் மாட்டிடம் போனான் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். இருக்கலாம். மாட்டின் கழுத்துக்குக் கீழே தொங்குகிற அலைதாடியைத் தடவும்போது அவன் முகம் எனக்குக் காட்டாத முகமாக இருக்கும்.

ஏட்டின் போன் அடிக்கிறது. காது முழுக்க அதுதான். அவர் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். "சத்தமாச் சொல்லு. … எந்த டிப்பர்? பச்சையா? வரிசைய விட்டு ஏன்யா வெளிய எடுத்தான்?" அப்புறம் கேட்டுக்கொண்டே இருக்கிறார். தெய்வராயன் கையில் டம்ளர் இன்னும் இருக்கிறது, சர்பத்தில் மண் படிந்துவிட்டது. யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். மனம் வெட்கமில்லாமல் ஒவ்வொரு சாரதியாக எடுத்து அந்த டிப்பர் முன்னால் வைத்துப் பார்க்கிறது, பட்டுராசாவாக இருக்கட்டும், அவனுக்கு ஓட்டத் தெரியாது, அந்தத் தாடி வைத்த பையனாக இருக்கட்டும், பெயர் கூடத் தெரியாதே, தெரியாததால் இருக்கட்டும். அவர்களுக்கும் அப்பன் எங்கேயாவது இந்தக் கூட்டத்தில் ஒரு படியில் உட்கார்ந்து என் மகன் பெயரை அங்கே வைத்துக்கொண்டிருப்பானோ. இல்லை, அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த அப்பன் நான் ஒருத்தன். தெரிந்ததால் என்ன ஆயிற்று, ஒன்றும் ஆகவில்லை. தெரியாதவன் வெள்ளரிப் பிஞ்சு தின்றுகொண்டிருக்கிறான்.

தூரத்தில் விசில். சாலையின் கோடியில் கூட்டம் எழும்புகிறது, சத்தம் ஆளுக்கு ஆள் கைமாறி எங்களை நோக்கி வருகிறது, துண்டுகள் சுழல்கின்றன, மைக்செட் ராசு வேனுக்குள் துள்ளி எழுந்து, இதோ வந்துகொண்டிருக்கிறது, முதல் வண்டி, வெள்ளையும் மயிலையும், அரிசி மில் உரிமையாளர் அவர்களின், என்று கத்துகிறான். வெள்ளையும் மயிலையும். நான் எழுந்துவிட்டேன். வந்துவிட்டான். தூசிக்குள் கொம்புகள் தெரிகின்றன, பின்னால் வண்டி இருக்கிறதா, இருக்கிறது, இரண்டு சக்கரமும் இருக்கிறது. வந்துவிட்டான், வந்துவிட்டான் என்று யாரையோ பிடித்து உலுக்குகிறேன், ஏட்டைத்தான். அப்போதுதான் சத்தத்தில் ஏதோ கோளாறு என்று தோன்றியது. அது அந்தக் கோடியிலிருந்து நின்றுகொண்டே வருகிறது. மாடுகள் யாரைக் கடக்கின்றனவோ அவர்கள் வாய் மூடிக்கொள்கிறார்கள், கடக்காதவர்கள் விசில் அடிக்கிறார்கள், அந்த மௌனம் மாடுகளுக்குப் பின்னால் மாடுகளின் வேகத்திலேயே வருகிறது. எங்களுக்கு முன்னால் கடைசியாக ஒருவன் கைதட்டினான், பிறகு அவனும் நிறுத்தினான். மாடுகள் கோட்டைத் தாண்டி, எப்போதும் நிற்கிற இடத்தில் தாமாகவே நின்றன. மூக்கில் நுரை. வண்டியில் கயிற்றில் கொடி சொருகியிருக்கிறது. ஆள் இல்லை.

ராசு மைக்கை அணைக்க மறந்துவிட்டான், அவன் மூச்சு குழாய் வழியாக ஊர் முழுக்கக் கேட்கிறது. எனக்குப் பின்னால் எவனோ மெதுவாகச் சொல்கிறான், "சாரதி இல்லாம வந்தா கணக்குல வராதுடா." "ஏன் வராது, மாடு வந்துருச்சுல்ல, கொடியும் இருக்குல்ல." "அடுத்தவன்ட்டதான்டா போகும் பரிசு." "வாய மூடுங்கடா நாய்களா" என்று தெய்வராயன் குரல் உடைந்து கத்தினான். நான் மாடுகளிடம் போனேன். முதலில் கழுத்தை நுகத்தோடு பிணைத்த பூட்டாங்கயிற்றை அவிழ்க்க வேண்டும், இல்லாவிட்டால் கழுத்து வீங்கிவிடும், பூமி எவ்வளவு களைத்திருந்தாலும் அதைத்தான் முதலில் செய்வான். எனக்கு முடிச்சுப் பிடிபடவில்லை. மயிலை என் தோளில் மூச்சு விடுகிறது, சுடச்சுட. அதன் இடது தொடையில் பச்சைப் பெயிண்ட் நீளமாகத் தேய்ந்து ஒட்டியிருக்கிறது. முடிச்சை அவிழ்த்துவிட்டேன். இரண்டாவதையும் அவிழ்த்தேன். அதற்கப்புறம் செய்ய வேலை எதுவும் இல்லை.

ஏட்டு வந்து என் முழங்கையைப் பிடித்தார். காலையிலிருந்து பெரியவரே என்றவர், "அண்ணே, ஜீப்புல ஏறுங்க" என்றார். தெய்வராயன் முன்னமே ஏறி உட்கார்ந்திருக்கிறான், முகத்தில் துண்டு. நான் ஒரு காலைப் படியில் வைத்தேன். மற்றக் கால் தரையில் இருந்தது.

"எவ்வளவு தூரம்?" என்று கேட்டேன்.

ஏட்டு வாயைத் திறந்தார். தெய்வராயனைப் பார்த்தார். தெய்வராயன் துண்டை எடுக்கவில்லை.

"கிட்டத்தான் அண்ணே" என்றார்.